‘இல்லை’ என்று எழுதிவிட்டால் என்ன?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காப்பி ஆறுவதற்குள் எதிர் வீட்டு அம்மாள் கையில் ஒரு காகிதத்தோடு வந்து நின்றார். மேல மாசி வீதிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சந்தில் மின்சார வாரியத்துக் காகிதமானாலும் கோர்ட்டுக் காகிதமானாலும் கடைசியில் என்னிடம்தான் வந்து சேரும். பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. அதைக் கெடுப்பானேன் என்று நானும் பேசாமல் இருந்துவிடுகிறேன்.

“தம்பி, இந்த வரியைக் கொஞ்சம் பாருப்பா. இதிலே ‘இல்லை’ன்னு எழுதிப்புட்டா என்ன?”

பார்த்தேன். அந்தமானில் கடலுக்கடியில் மூழ்கிப் பவளப்பாறை பார்க்கப் போகிறவர்கள் பூர்த்தி செய்ய வேண்டிய கேள்வித்தாள் அது. ஸ்கூபா டைவிங் என்கிறார்களே, முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்குவது, அதற்கு. அம்மாளின் மகளுக்குத் தை மாதம்தான் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை ஆசையோடு ஏற்பாடு செய்திருக்கிறார். கேள்வித்தாளில் ஆஸ்துமா உண்டா என்று ஒரு வரி.

பெண்ணுக்கு ஏழு வயது முதல் இழுப்பு. மார்கழிப் பனி ஆகாது. பரணில் தூசி தட்டினால் ஆகாது. கைப்பையில் இன்ஹேலர் இல்லாமல் வாசற்படி தாண்ட மாட்டாள். இது எங்கள் சந்துக்கே தெரியும். சம்பந்தி வீட்டாருக்கு மட்டும் தெரியாது! “அவுக கேக்கலை, நாங்க சொல்லலை” என்றார் அம்மாள். கல்யாணமாகி மூன்று மாதமாகப் பெண் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் மருந்தை உறிஞ்சுகிறாளாம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வாசகிகளே. “எழுதினால்தான் என்ன, அரை மணி நேர விஷயம்தானே!” என்று என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நல்ல வேளை, இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். தெரிந்த நுரையீரல் மருத்துவர் ஒருவரைப் போய்ப் பிடித்தேன், கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

மூழ்குவது நமக்குப் புதிய சமாசாரமா என்ன? மதுரையில் பாண்டியன் கொலுவிருந்த காலத்திலேயே கொற்கைத் துறையில் முத்துக் குளித்தார்கள். இடுப்பில் கயிறு, இறங்குவதற்குக் கல், மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே முழுக்கு. மேலே கயிற்றைப் பிடிப்பவன் மனைவியின் உடன்பிறந்தானாகத்தான் இருக்க வேண்டும் என்பார்கள். தங்கையின் தாலி தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தவன் கயிற்றை விடுவானா? தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை நடந்ததுதான் கடைசி முத்துக்குளிப்பு. ஆனால் பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் பெண்கள் இன்றைக்கும் சேலைக்கு மேல் சட்டையைப் போட்டுக்கொண்டு மூச்சடக்கி மூழ்குகிறார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் ‘சீகாலஜி’ என்ற சர்வதேசப் பரிசு கிடைத்தது.

இவர்களுக்கெல்லாம் இல்லாத ஓர் ஆபத்து சிலிண்டர் கட்டியவருக்கு உண்டு. அது எப்படி என்று கேளுங்கள்.

கடலில் பத்து மீட்டர் இறங்கினால் உடம்பின் மேல் அழுத்தம் இரண்டு மடங்காகிறது. முத்துக் குளிப்பவர் கரைக்காற்றை நெஞ்சில் நிரப்பிக்கொண்டு போகிறார். கீழே அது பாதியாகச் சுருங்குகிறது. மேலே வந்தால் பழைய அளவுக்கு விரிகிறது. கணக்கு நேராகிவிடும். சிலிண்டர்காரர் கதை வேறு. சித்திரைத் திருவிழாவில் குழந்தைக்கு வாங்கித் தருகிறோமே பலூன், அதைப் பத்து மீட்டர் ஆழத்தில் வைத்து முழுக்க ஊதி, வாயைக் கட்டி மேலே கொண்டுவந்தால் என்ன ஆகும்? உள்ளே இருப்பது இரு மடங்காக விரியும், பலூன் வெடிக்கும். ஆழத்தில் அழுத்தமான காற்றை மூச்சிழுத்தவரின் நுரையீரலும் அந்தப் பலூன்தான். ஆகவே ஸ்கூபா சொல்லிக்கொடுப்பவர்கள் முதல் நாள் முதல் பாடமாகச் சொல்வது: மூச்சை அடக்காதே, விட்டுக்கொண்டே இரு. ஆளுயரத் தண்ணீரிலிருந்து மூச்சடக்கி எழுந்தால்கூட நுரையீரல் கிழியக்கூடும். கிழிந்தால் காற்றுக் குமிழ் ரத்தத்தில் புகுந்து மூளைக்குப் போகும். பக்கவாதம் வந்தவர் போல ஆள் சாய்ந்துவிடுவார்.

இப்போது இழுப்புக்காரரைப் பாருங்கள். அவருடைய மூச்சுக் குழாய்கள் சுருங்கும் சுபாவம் உள்ளவை. காற்று உள்ளே போய்விடும். வெளியே வரத்தான் திணறும். அழகர் இறங்கும் நாளில் நம் சந்துக்குள் புகுந்த கூட்டம் மாதிரி! அவர் மூச்சை அடக்காவிட்டாலும் நெஞ்சின் ஒரு மூலையில் காற்று அடைபட்டுக் கிடக்கும். மேலே வரும்போது அது விரியும். எங்கே போகும்?

அது மட்டுமா? இழுப்பைக் கிளப்பிவிடுவதற்கு வேண்டிய சகலமும் கடலடியில் தயாராக இருக்கிறது. சிலிண்டர்க் காற்று ஈரமே இல்லாத காற்று. பத்து மீட்டரில் அது இரண்டு மடங்கு அடர்த்தி. இழுத்து விடுவதே வேலை. வாய்க்குழாயில் உப்புநீர்த் துளி கசிந்து உள்ளே போகும். இவருக்கு மூச்சுக்குழாய் சுருங்குகிறதா என்று கண்டுபிடிக்க ஆஸ்பத்திரியில் உப்புநீர்ப் புகை கொடுத்துப் பார்க்கிற சோதனையே ஒன்று உண்டு! இதோடு நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும் களைப்பு, கொஞ்சம் பயம். அங்கே கைப்பை ஏது, இன்ஹேலர் ஏது?

அதற்காக ஆஸ்துமாக்காரர் யாருமே மூழ்கக்கூடாது என்று இல்லை. முன்பெல்லாம் மருத்துவர்கள் ஒரே பேச்சில் கூடாது என்று தள்ளிவிடுவார்கள். பிறகு மனம் இளகினார்கள். பிரிட்டிஷ் மார்பு நோய் மருத்துவர் சங்கம் 2003இல் வெளியிட்ட நெறிமுறையில், தொந்தரவு எதுவும் இல்லாமல், ஊதிப் பார்க்கும் சோதனையும் ஓடவிட்டுப் பார்க்கும் சோதனையும் சரியாக இருந்தால், தினசரித் தடுப்பு மருந்து எடுப்பவரும் மூழ்கலாம் என்று இருக்கிறது. ஓடினால், குளிர்ந்தால், மனம் பதறினால் இழுப்பு வருகிறவர் மூழ்கக்கூடாது. உடனடி நிவாரணத்துக்கு உறிஞ்சும் மருந்தைக் கடந்த 48 மணி நேரத்துக்குள் எடுத்திருந்தாலும் அன்றைக்குக் கூடாது.

ஆகவே கேள்வித்தாளில் ‘ஆம்’ என்று எழுதினால் ‘வீட்டுக்குப் போ’ என்று அர்த்தமில்லை. ‘மருத்துவர் கையெழுத்தோடு வா’ என்று அர்த்தம். ‘இல்லை’ என்று எழுதினால் அந்தச் சோதனைகள் நடக்காது. கூட மூழ்கும் பயிற்சியாளருக்கும், இந்தப் பெண்ணைக் கண்ணை எடுக்காமல் கவனிக்க வேண்டும் என்று தெரியாது. அவர்தானே அங்கே கயிறு பிடிக்கும் மச்சான்!

மற்ற வியாதிகளையும் ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். வலிப்பு உள்ளவர்கள் மூழ்கவே கூடாது. கர்ப்பிணிகளும் அப்படியே, சந்தேகமாக இருந்தாலும் வேண்டாம். இன்சுலின் போடும் சர்க்கரைக்காரர்களை முன்பு சேர்ப்பதில்லை. 2005இல் வந்த நெறிமுறைப்படி நோய் கட்டுக்குள் இருப்பவர்கள் இறங்கலாம். இறங்குமுன் ரத்தச் சர்க்கரை 150க்குக் குறையாமல், இறங்குமுகமாக இல்லாமல் இருக்க வேண்டும். மாடி ஏறினால் நெஞ்சு கனக்கும் ஐம்பது வயதுக்காரர்கள் முதலில் இருதயத்தைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். சாதாரண ஜலதோஷத்துக்கும் மரியாதை உண்டு. மூக்கடைத்தவருக்குக் காதில் அழுத்தம் சமமாகாமல் உயிர் போகும் வலி வரும்.

மதுரைக்காரர்களுக்கென்றே ஒன்று. ராமேசுவரம் பக்கம் காலையில் மூழ்கிவிட்டு, அப்படியே காரைத் திருப்பி மாலையில் கோடைக்கானல் ஏறிவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள். மூழ்கியவர் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் மெள்ளத்தான் வெளியேறும். விமானம் ஏற ஒரு முழுக்குக்கு 12 மணி நேரம், பல முழுக்குகளுக்கு 18 மணி நேரமாவது பொறுக்கச் சொல்கிறார்கள். சுமார் 2,100 மீட்டர் உயரமுள்ள கோடைக்கும் அதே நியாயம்தான்.

புதன்கிழமை இதையெல்லாம் அம்மாளிடம் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. “டாக்டர்கிட்டே போனா மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சு போகுமேப்பா.” அவருக்குப் பயம் கடலைப் பற்றி இல்லை. எனக்கு அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை. கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த பெண்தான் காகிதத்தை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு போனாள்.

அன்றிரவு அவளே மாப்பிள்ளையிடம் அதை நீட்டி, “நான் இதிலே ‘ஆம்’னு எழுதணும்ங்க” என்றாளாம். அவர் காகிதத்தை மேலிருந்து கீழாக வாசித்தார். காது பற்றிய வரி வந்ததும் நின்றுவிட்டார். அலங்காநல்லூர்ப் பக்கம் மாமா வீட்டுக் கிணற்றில் சிறுவயதில் குதித்துக் குதித்து அவர் இடது காதில் சவ்வு கிழிந்து, இன்றைக்கும் மழைக்காலத்தில் சீழ் வைக்கிறதாம். அதை அவர்கள் வீட்டிலும் யாரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை!

இரண்டு பேருமாக மருத்துவர்களிடம் போனார்கள். ஓடவிட்டுப் பார்த்த சோதனையில் அவளுக்கு மூச்சு சுருங்கிவிட்டது. அவருக்குக் காதுச் சவ்வைத் தைத்த பிறகு பார்க்கலாம் என்றார்கள். கட்டிய முன்பணத்தில் பாதிதான் திரும்பிற்று. அந்தமானுக்கு மட்டும் போய் வந்தார்கள். அடியில் கண்ணாடி பதித்த படகில் உட்கார்ந்து பவளம் பார்த்தார்களாம். மீன்களை எடுத்த படம் ஒன்றை அம்மாள் கொண்டுவந்து காட்டினார். படத்தின் ஓரத்தில், படகுப் பலகை மேல், நீல நிற இன்ஹேலர் பகிரங்கமாகக் கிடந்தது.