ஒரு நாட் சுற்றுலாவும் வலியசாலையும்

ஊரைப் பார்ப்பது வேறு. ஊரை அறிவது வேறு. முன்னதற்குக் கண் போதும். பின்னதற்குச் சொல்லித் தர ஒருவர் வேண்டும்.

சென்ற விடுமுறையில் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு நாட் சுற்றுலாப் பேருந்தில் குமரிமுனைக்குச் சென்று வந்தேன். பத்மநாபபுரம் அரண்மனை, சுசீந்திரம் கோயில், குமரிக்கடல், இரவில் வீடு. உடன் வந்த வழிகாட்டி நல்லவர்தாம். ஆனால், அவர் மிகுதியாகச் சொன்னது மணிக்கணக்கையே! அரண்மனைத் தரையின் பளபளப்பைக் காட்டினார். 1795 வரை அது திருவிதாங்கூரின் தலைநகராக விளங்கியதைச் சொல்லவில்லை. சுசீந்திரத்தில் இசைத்தூண்களைச் சுட்டிவிட்டு, "வண்டிக்கு நேரமாகிறது" என்றார். மூன்று ஊர்களை ஒரே பகலில் அடைக்க வேண்டியவர் வேறென்ன செய்வார்?

என்னை வருத்தியது வேறொன்று. வண்டி புறப்பட்ட இடத்துக்கு அருகில்தான் வலியசாலை. அதன் பக்கம் எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தெருவிலேயே குடியிருக்கும் நானும் பார்க்கவில்லை.

‘வலிய’ என்றால் மலையாளத்தில் ‘பெரிய’. இங்கே சாலை என்பது வண்டி செல்லும் பாதை அன்று, கல்விச்சாலை. இராசராச சோழனின் மெய்க்கீர்த்தியில் இடம்பெறும் காந்தளூர்ச்சாலை இதுவே என்பர் அறிஞர் பலர். வேறிடம் கூறுவாரும் உளர். காந்தளூர் என்னும் பெயரை இங்குள்ள சிவன் கோயில் இன்றும் தாங்கி நிற்கிறது.

அச்சாலையின் பெருமையை அறியப் பார்த்திவபுரத்துக்குச் செல்லவேண்டும். இன்று குமரி மாவட்டத்தில் முஞ்சிறைக்கு அருகில் உள்ளது அவ்வூர். ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன், முஞ்சிறைச் சபையாரிடம் நிலம் மாற்றிப் பெற்று, அங்கே திருமாலுக்குக் கோயில் எடுத்தான். 95 மாணவர்க்குச் சாலையும் அமைத்தான். காந்தளூரின் நெறிப்படியே அச்சாலை நடக்கவேண்டும் என்று அவனது செப்பேடு கூறுகிறது. மாணவரைச் சட்டர் என்றனர். சட்டர் படைக்கலத்துடன் அவைக்கு வரலாகாது; ஒருவரையொருவர் வைதாலும் அடித்தாலும் தண்டம் உண்டு. நம் விடுதி விதிகளுக்கு ஆயிரத்து நூறாண்டுக்கு முந்திய மூதாதை இது! இதைப் படித்தபின் வலியசாலைத் தெருவில் நடப்பவன் முன்போல் நடப்பானா?

அடுத்தது விழிஞம். நகரிலிருந்து 16 கிலோமீட்டர் தொலைவு. 2025 மே 2ஆம் நாள் நாட்டுக்கு அளிக்கப்பட்ட புதிய துறைமுகத்தை இன்று யாவரும் அறிவர். ஆனால், எட்டாம் நூற்றாண்டிலேயே பாண்டியன் நெடுஞ்சடையன் வென்றதாகச் செப்பேடு கூறும் ஊர் அது. அங்கே சிறியதொரு குடைவரைக் கோயில் உண்டு. உள்ளே வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தி. வெளிச்சுவரின் இரு பக்கமும் முற்றுப்பெறாத சிவனுருவங்கள். சிற்பியின் உளி ஏன் நின்றது என்று ஒரு நாழிகை எண்ணிப் பார்க்கலாம். ஆனால், கோவளத்துக்கு வருவோரில் அங்கே எட்டிப் பார்ப்பவர் சிலரே.

"பார்க்க அங்கே என்ன இருக்கிறது?" என்று நண்பர்கள் கேட்கின்றனர். துருக்கி நாட்டுக் குசாடாசித் துறையில் கப்பலை விட்டு இறங்குவோர், ஒரே பகலில் எபேசு நகரைக் கண்டு திரும்புகின்றனர். அதன் அருகே உலக அதிசயம் ஏழனுள் ஒன்றாயிருந்த ஆர்ட்டெமிசு கோயில் நின்ற இடத்தில், இன்று நிமிர்ந்து நிற்பது ஒரே தூண். அதையும் மக்கள் சென்று காண்கின்றனர். அந்நாட்டில் உரிமம் பெற்றவரே வழிகாட்டலாம். ஒற்றைத் தூணையும் பேச வைப்பது கற்றவன் சொல். நமக்குக் குறைவாயிருப்பது கல் அன்று; சொல்.

ஆகவே என் கருத்து இது. நம் தமிழ் மன்றம் மாதம் ஒரு ஞாயிறு, வலியசாலை, விழிஞம், பார்த்திவபுரம் என்ற மூன்றிடங்களுக்கு மட்டும் ஒரு நாட் சுற்றுலா நடத்தட்டும். வழிகாட்டிகள் மாணவராகிய நாமே ஆவோம். வரலாற்று மாணவர் செப்பேட்டைச் சொல்லட்டும். தமிழ் மாணவர் வட்டெழுத்தைப் படித்துக் காட்டட்டும்.

ஒரு கட்டுப்பாடு மட்டும் வேண்டும்: உள்ளதைச் சொல்லவேண்டும். இராசராசன் காந்தளூரில் ‘கலம் அறுத்தது’ கப்பலையா, உண்கலத்தையா என்பது தீராத வழக்கு. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் இதை ஆராய்ந்தார். வழக்கை வழக்கென்றே சொல்வோம். பார்த்திவபுரத்தின் 95 இடங்களும் வேதக் கிளைகளுக்கே பங்கிடப்பட்டன. உழுது நெல் அளந்தவன் மகனுக்கு அங்கே இடமில்லை. அதையும் மறைக்கலாகாது. பழம்பெருமை பேசிப் பழங்குறையை மூடுவது வரலாறு ஆகாது.

வலியசாலை கேரளத்தில்; பார்த்திவபுரம் 1956 முதல் தமிழகத்தில். எல்லைக்கோடு நடுவே விழுந்தது பிற்காலத்தில். மலையாள மாணவ நண்பர்களையும் அழைத்துச் செல்வோம். இது இருவர் வீட்டுச் சொத்து.

நண்பர்களே! வெளியூரார்க்கு வழிகாட்டுமுன் நம் தெருவை நாம் அறிவோம். முதற் சுற்றுலாவுக்கு வலியசாலைக் கோயில் வாசலில் காலை ஆறு மணிக்கு நான் நிற்பேன். நீங்களும் வருவீர்களா?