தடை உயரமா, கனமா?

குளிர்வித்தால் வேதிவினையின் வேகம் குறையும், குளிர்வித்துக்கொண்டே போனால் நின்றேவிடும் என்று பிளஸ் டூ மாணவர்கள் அர்ஹீனியஸ் சமன்பாட்டோடு சேர்த்து ஒப்பிப்பார்கள். தவறில்லை. அந்த விதி எங்கே செல்லாமல் போகிறது என்பதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதே வேதியியல் நடத்திய என் கட்சி.

2008-இல் ஜெர்மனியின் கீஸன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஷ்ரைனர் குழுவினர் ஹைட்ராக்சிமெத்திலீன் என்ற சிறு மூலக்கூறை உறைந்த ஆர்கானுக்குள் 11 கெல்வினில், அதாவது மைனஸ் 262 டிகிரி செல்சியஸில், சிறைவைத்தார்கள். ஆக்சிஜனில் இருக்கும் ஹைட்ரஜன் கார்பனுக்கு இடம்மாறினால் அது ஃபார்மால்டிஹைடு. குறுக்கே நிற்கும் ஆற்றல் தடையோ மோலுக்கு ஏறத்தாழ 30 கிலோகலோரி. அர்ஹீனியஸ் சமன்பாட்டில் இந்த எண்களைப் போட்டுப் பாருங்கள்: வினையின் வேகம் தசமப் புள்ளிக்குப் பின் 600 சுழியங்கள் அளவுக்கு வரும். (கால்குலேட்டர் வெறும் பூஜ்ஜியம் என்று கைவிரித்துவிடும்.) ஆனால் இருட்டில் வைத்தும் சுமார் 2 மணி நேரத்தில் பாதி மாறிவிட்டது. அதே இடத்தில் இருமடங்கு எடையுள்ள டியூட்டீரியத்தை வைத்தபோது மாற்றமே தென்படவில்லை. இலேசான ஹைட்ரஜன் தடையின்மேல் ஏறவில்லை, ஊடுருவிப் போயிருக்கிறது.

2011-இல் அதே குழு இன்னும் சங்கடமான ஒன்றைக் காட்டியது. மெத்தில்ஹைட்ராக்சிகார்பீனுக்கு இரு வழிகள்: வினைல் ஆல்கஹாலாக மாறத் தாழ்ந்த தடை, அசிட்டால்டிஹைடாக மாற உயர்ந்த தடை. தாழ்ந்த தடையுள்ள வினைதான் முந்தும் என்பது பாடம். 11 கெல்வினில் கிடைத்தது அசிட்டால்டிஹைடு! அந்தப் பக்கத்துச் சுவர் உயரம்தான், ஆனால் மெல்லியது. ஊடுருவும் அணுவுக்குச் சுவரின் உயரத்தைவிட அதன் கனமே பெரிய இடைஞ்சல்.

ஆய்வக வேடிக்கை என்று இதை ஒதுக்கவும் முடியாது. 10 கெல்வின் மட்டுமே இருக்கும் விண்முகில்களில் மெத்தனால் இருக்கிறது. தூசித் துகள்களின் மேல் உறைந்த கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் அணுக்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து அது உருவாகிறது. அதில் முதல் படிக்கும் மூன்றாம் படிக்கும் தடை உண்டு. அந்தக் குளிரில் ஊடுருவலை விட்டால் வேறு வழியில்லை.

இந்த ஊடுருவலை விளக்கும் அலைச்சமன்பாட்டைப் பள்ளியில் நடத்தச் சொல்லவில்லை; ஒரு வரைபடத்தைக் காட்டினால் போதும். 1973-இலேயே சோவியத் வேதியியலாளர் விட்டாலி கோல்டான்ஸ்கி குழுவினர் ஃபார்மால்டிஹைடு பலபடியாகும் வேகத்தை 4.2 கெல்வின்வரை அளந்தார்கள். 10 கெல்வினை நெருங்கியதும் வேகத்தைக் காட்டும் கோடு மேலும் இறங்காமல் படுத்துவிட்டது. அர்ஹீனியஸ் நேர்கோட்டுக்குப் பக்கத்தில் அந்த வரைபடத்தையும் அச்சிடலாம். அரைப் பக்கம் போதும்.