கலாசாலை விடுதிச் சாப்பாடு: சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது?



ஆசிரியர் கலாசாலை என்றதும் பலருக்கு இருபது வயதுப் பிள்ளைகள்தான் ஞாபகம் வரும். இங்கே இருக்கிற நாங்கள் ஏற்கனவே பாடசாலைகளில் படிப்பித்துவிட்டு வந்தவர்கள். அநேகமானோர் முப்பதைத் தாண்டியவர்கள். பிள்ளைகளை உம்மாவிடம் விட்டுவிட்டு வந்த தாய்மாரும் இருக்கிறோம். சீனி வருத்தமும் பிரஷரும் சத்தமில்லாமல் தலைகாட்டுகிற வயது. இரத்தம் குறைவு என்று குளிசையோடு வந்தவர்களும் இருக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே மெஸ், ஒரே சோறு, ஒரே பருப்பு.

மெஸ்ஸைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இன்றைய விலைவாசியில் மூன்று நேரமும் சமைத்துத் தருவதே பெரிய விசயம். எங்கள் பிரச்சினை, சாப்பாட்டைப் பற்றி ஒரு சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லை என்பதுதான்.

தகவல் இல்லை என்று சொல்ல முடியாது. குளிர்பானப் போத்தலில் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் 2016இலிருந்து இருக்கிறது. சீனி கூடுதலாக இருந்தால் சிவப்பு. அதைப் பார்த்து வாங்குகிறவர் எங்களில் எத்தனை பேர்? சுகாதார அமைச்சின் உணவு வழிகாட்டியும் இருக்கிறது. ஆனால் கடதாசி எங்கள் கேள்விக்குப் பதில் சொல்லாது.

இரும்புச்சத்துக் குளிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். விடுதியில் பாதிப் பேர் அதைத் தேத்தண்ணியோடுதான் விழுங்குகிறோம். தேயிலை இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விட்டு, கீரையில் கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விட்டுச் சாப்பிட்டால் அதே மெஸ் சாப்பாட்டிலிருந்தே கூடுதலாகக் கிடைக்கும். ஐந்து சதம் செலவில்லை. ஆனால் இதை யாராவது முகம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

றமழான் வந்தால் நிலைமை இன்னும் சிக்கல். சீனி வருத்தக் குளிசை எடுப்பவர் அதை ஸஹருக்கா, நோன்பு திறந்த பிறகா, எவ்வளவு எடுப்பது என்பதை நோன்புக்கு முன்பே டொக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். விடுதியில் அதை அடுத்த கட்டில்காரரிடம் கேட்கிறார்கள். மெலிய விரும்புகிறவர்கள் டிக்டொக்கில் கேட்கிறார்கள். இரண்டு வாரம் சோற்றை விட்டுவிட்டு, யாரோ விற்ற பவுடரைக் கரைத்துக் குடிப்பதும் நடக்கிறது. (அந்தப் பவுடரின் விலைக்கு ஒரு மாதம் முட்டை வாங்கலாம்.)

பெரிய ஆஸ்பத்திரிகளில் போசணை கிளினிக் இருக்கிறதுதான். அது கிழமை நாளில், காலையில். எங்களுக்கு அந்த நேரம் விரிவுரை. லீவு போட்டு, பஸ் ஏறி, நம்பர் எடுத்து இருக்க எத்தனை பேரால் முடியும்? 35 வயதைத் தாண்டியவர்களுக்கு ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டரில் சீனியும் பிரஷரும் இலவசமாகப் பார்க்கிறார்கள். அதுகூட எங்களில் பலருக்குத் தெரியாது.

ஆகவே நாங்கள் கேட்பது பெரிய விசயமில்லை. புதுக் கட்டடமும் வேண்டாம், புது நியமனமும் வேண்டாம். எம்.ஓ.எச். பணிமனையிலிருந்தோ ஆஸ்பத்திரியிலிருந்தோ போசணை தெரிந்த ஒருவர் மாதத்தில் ஒரு பின்னேரம் கலாசாலைக்கு வரட்டும். மேடைப் பேச்சு வேண்டாம், அது நிறையக் கேட்டாயிற்று. ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு தராசு போதும். பெண்களுக்குத் தனியாகக் கதைக்க ஓர் அறை கட்டாயம் வேண்டும். வருகிறவர் மெஸ் மெனுவையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகட்டும். பருப்போடு கிழமைக்கு எத்தனை நாள் கீரையும் நெத்தலியும் சேர்க்கலாம் என்று சமையற்காரரோடு உட்கார்ந்து கதைத்தாலே பாதி வேலை முடியும்.

நாளைக்குப் பாடசாலைக்குத் திரும்பி, பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்து "பனிஸ் கொண்டு வரக் கூடாது" என்று சொல்லப்போவதும் நாங்கள்தான். சுகாதாரப் பாடம் எடுக்கப்போவதும் எங்களில் சிலர்தான்.

அதிபருக்கும் எம்.ஓ.எச்.சுக்கும் கொடுக்கக் கடிதம் எழுதி வைத்திருக்கிறோம். விடுதியில் இருப்பவர்கள் இந்த வியாழனுக்குள் கையெழுத்து வையுங்கள். வேறு கலாசாலைகளில் இப்படி யாராவது வந்து போகிறார்கள் என்றால், எப்படி ஏற்பாடு செய்தீர்கள் என்று கீழே எழுதுங்கள்.