தரங்கம்பாடியில் பாடுவது யார்?

‘பாடும் அலைகளின் ஊர்.’ தரங்கம்பாடி என்று நெட்டில் தேடினால் முதலில் வந்து விழுவது இந்த வரிதான். ரீல்ஸ் கேப்ஷனிலும் இதுதான், டூர் போய் வந்தவர்கள் போடும் ஸ்டேட்டஸிலும் இதுதான். தரங்கம் என்றால் அலை, பாடி என்றால் பாடுவது, ரெண்டையும் சேர்த்தால் ரெடிமேட் கவிதை. ஒரு லைக் போட்டுட்டு ஸ்க்ரோல் பண்ணிவிடுகிறோம்.

அங்கேதான் எனக்குப் பிரச்சினை. ஒரு ஊர்ப் பேருக்கு அழகான அர்த்தம் ஒன்று கிடைத்ததும் நாம் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறோம். ஆனா பேருக்குள்ள இருக்கிற விஷயம் அதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது. கடல் பக்கம் போவதற்கு முன்னால், நம்ம ஊரிலேயே இரண்டு பேர்களைப் பார்த்துவிடலாம்.

முதலில் ஸ்ரீரங்கம். அரங்கம் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? சிம்போசியம் நடக்கிற ஏசி ஹால். ஆனால் அரங்கம் என்ற சொல்லுக்கு ஆற்றின் நடுவே இருக்கும் திட்டு என்றும் பொருள் உண்டு. முக்கொம்பில் ஆறு பிரிகிறது. ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம், நடுவில் தீவாக ஊர். கர்நாடகாவின் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போனால் அங்கேயும் ரங்கநாதர், அங்கேயும் காவிரி நடுவில் தீவு. தினமும் காவிரிப் பாலத்தில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும் நண்பர்களே, நீங்கள் தாண்டிப் போவது அந்தப் பேரோட டெஃபினிஷனைத்தான்!

அடுத்தது திருச்சிராப்பள்ளி. மூன்று தலை அசுரன் திரிசிரன் சிவனை வழிபட்ட இடம் என்கிறது தலபுராணம். சிரா என்ற சமணத் துறவியின் பள்ளி என்று இன்னொரு விளக்கம் இருக்கிறது. மலைக்கோட்டைப் பாறையில் சமணர் படுக்கைகள் இன்றும் இருப்பது அதற்குத் துணை. பிறகு வெள்ளைக்காரன் வந்து ‘டிரிச்சினாப்பொலி’ ஆக்கினான். 1887-ல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், தரையில் கிடக்கும் சாம்பலைப் பார்த்தே அது டிரிச்சினாப்பொலி சுருட்டு என்று ஹோம்ஸ் சொல்லிவிடுவார். ஒரே பேரில் புராணம், சமணம், சுருட்டு வியாபாரம் மூன்றும் இருக்கிறது. ஒரு பேருக்கு மூணு கதை இருந்தா, அந்த ஊர் மூணு விதமான ஆட்களைப் பார்த்திருக்குன்னு அர்த்தம்.

இப்போது அதே காவிரியோடு கிழக்கே போவோம். ஸ்ரீரங்கத்தைத் தொட்டுப் போகிற தண்ணீர் பூம்புகாரில் கடலில் சேர்கிறது. அங்கிருந்து கரையோரமாகத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டர் போனால் தரங்கம்பாடி.

பாடி என்பதற்குப் பாடுவது என்று மட்டும்தான் அர்த்தமா? அப்படியென்றால் வாணியம்பாடியில் பாடுவது யார்? குறிஞ்சிப்பாடியில்? சென்னை பாடியில்? மார்கழி மாசம் ஸ்ரீரங்கத்தில் விடியற்காலை ஒலிக்கும் திருப்பாவையில் வரும் ஆய்ப்பாடியை நினைத்துப் பாருங்கள். ஆயர்கள் குடியிருக்கும் இடம். பாடி என்றால் குடியிருப்பு, சிற்றூர், படை தங்கும் இடமும்கூட. இந்தக் கணக்கில் தரங்கம்பாடி என்பது அலையோரத்துக் குடியிருப்பு. பாடுகிற அலை மறைந்து, வீடு கட்டி வாழ்கிற ஆட்கள் முன்னால் வந்துவிடுகிறார்கள்.

இன்னொரு படி உள்ளே போகலாம். கடற்கரையிலேயே நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில் பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தது, 14-ம் நூற்றாண்டின் ஆரம்பம். அந்தக் காலத்துக் கல்வெட்டில் ஊரின் பேர் ‘சடங்கன்பாடி’. சடங்கன் என்ற ஒருவர் பேரில் அமைந்த குடியிருப்பு என்று இதைப் படிக்கலாம். சடங்கன் நாக்கில் உருண்டு உருண்டு தரங்கம் ஆகிவிட்டால், அலை இந்தப் பேருக்குள் பிறகு வந்து உட்கார்ந்த விருந்தாளி! கோயிலின் முன்பகுதியையே கடல் தின்றிருக்கிறது. பேரில் மட்டும் கை வைக்காமல் விடுமா என்ன?

1620-ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டென்மார்க்காரர்கள் இங்கே டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். அவர்கள் வாயில் தரங்கம்பாடி ‘டிராங்கேபார்’ ஆனது. 1845-ல் ஊரை ஆங்கிலேயக் கம்பெனியிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ஊர் கை மாறியது, ஆனால் டிராங்கேபார் என்ற பேர் ஆங்கிலப் புத்தகங்களில் ஒட்டிக்கொண்டது. என்னை மாதிரி இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர்களுக்கு அந்தப் பேரே ஏதோ ஐரோப்பிய ஊர் மாதிரி ஒலிக்கும்.

நம்ம டிபார்ட்மென்ட் ஆட்களுக்குப் பிடித்த பேர் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு இங்கே அச்சுக்கூடம் வைத்தார். 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. அச்சடிக்கக் காகிதம் வேண்டுமே? பொறையார் அருகே காகிதப் பட்டறை ஒன்று போட்டார்கள். பட்டறை எப்போதோ போய்விட்டது, அந்த இடத்தின் பேர் ‘கடுதாசிப்பட்டறை’. கடுதாசி என்ற சொல்லே போர்ச்சுகீசியத்திலிருந்து வந்தது. தமிழ்நாட்டு ஊர், ஜெர்மன் பாதிரியார், டேனிஷ் ஆட்சி, போர்ச்சுகீசிய வார்த்தை, எல்லாம் ஒரே பேரில். எந்த மியூசியத்துக்கும் டிக்கெட் எடுக்காமல் கிடைக்கிற வரலாறு இது.

‘பாடும் அலை’ என்று மட்டும் சொல்லி நிறுத்துவதில் எனக்கு இன்னொரு உறுத்தலும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26. நம்ம செட்டில் பாதிப் பேர் அப்போது கைக்குழந்தை, மீதிப் பேர் பிறக்கவே இல்லை. அன்று அலை பாடவில்லை. தரங்கம்பாடி மீனவர் தெருக்களில் ஏராளமான உயிர்கள் போயின. கடலிலிருந்து தள்ளிப் புது வீடுகள் கட்டி நிறையக் குடும்பங்கள் இடம் மாறின. கோட்டை, கடல், சூரிய உதயம் என்று மூன்று போட்டோ எடுத்துத் திரும்புகிறவர்களுக்கு அலை ஒரு மியூசிக். அங்கே வலை பின்னுகிறவருக்கு அலைதான் சோறு, அலைதான் பயம். பாடி என்றால் குடியிருப்பு என்று தெரிந்த ஒருவர் அந்தத் தெருவில் நடக்கும்போது, கோட்டையை மட்டும் பார்த்துத் திரும்ப மாட்டார்.

“அப்போ பேரை எல்லாம் சரியாக எழுத வைத்தால் போதுமா?” என்று கேட்கலாம். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில ஸ்பெல்லிங்கைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஒரு அரசாணையை வெளியிட்டது. எழுத்துக்கள் நீண்ட நீளத்தைப் பார்த்து மீம்ஸ் பறந்தன. சில நாட்களிலேயே அரசாணை வாபஸ். அயர்லாந்திலும் இதே கூத்து நடந்தது. டிங்கிள் என்ற கடலோர ஊருக்கு 2005-ல் ஐரிஷ் பேர் மட்டும்தான் என்று அரசு சொல்ல, ஊர்க்காரர்கள் 2006-ல் ஓட்டெடுப்பு நடத்தி, ரெண்டு பேரும் சேர்ந்துதான் வேணும் என்று கேட்டார்கள்.

என்னைக் கேட்டால் போர்டில் எழுத்தை மாற்றுவது ரெண்டாவது வேலை. முதல் வேலை, பேரைக் காதால் கேட்பது. ‘Srirangam’ என்று டிக்கெட்டில் படிக்கிற கண்ணுக்கு அரங்கம் தெரியாது. சத்தமாகச் சொல்லிப் பார்த்தால்தான் ஆறு தெரியும். அழகான அர்த்தத்தைத் தூக்கிப் போடவும் சொல்லவில்லை. அலை பாடுகிறது என்று கற்பனை செய்ததும் நம் ஆட்கள்தானே? அதையும் வைத்துக்கொள்வோம். சடங்கனுக்கும் மீனவருக்கும் பக்கத்தில் இடம் கொடுத்தால் போதும்.

திருச்சி ஜங்ஷனில் ரயில் ஏறினால் தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக மயிலாடுதுறை. அங்கிருந்து பஸ். ஒரு நாளில் போய்வரலாம். போக முடியாவிட்டாலும் பரவாயில்லை, இன்றைக்கு ராத்திரி ஹாஸ்டல் ரூமில் ஆரம்பியுங்கள். நாலு பேர் இருந்தால் நாலு ஊர். பட்டி, பாக்கம், குறிச்சி, மங்கலம், பாடி என்று ஏதோ ஒன்றில் முடியும். “மச்சி, உங்க ஊருக்கு ஏன்டா இந்தப் பேரு?” என்று கேளுங்கள். தெரியலைன்னு சொன்னா, ஊரில் இருக்கிற பாட்டிக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள். கூகுளில் ஏறாத பதில் அங்கே இருக்கிறது, ரொம்ப நாள் இருக்காது.