யாருடைய தமிழைத் திருத்துகிறோம்?

நம் கல்லூரித் தேர்வுக்கூடங்களில் ஒவ்வொரு பருவத்திலும் நடந்துவரும் ஒரு காரியத்தைப் பற்றி இலக்கிய இதழ்களில் எவரும் எழுதி நாம் பார்த்ததில்லை. முதுகலைத் தமிழ் படிக்கும் பார்வையற்ற மாணவர் யாப்பிலக்கணத் தாளுக்கு விடை சொல்கிறார். அருகில் அமர்ந்து எழுதுபவர் வணிகவியலோ கணினியோ படிக்கும் இளையவர். மாணவர் 'வெண்டளை' என்கிறார். தாளில் 'வெண்தலை' என்று விழுகிறது. 'அளபெடை' 'அலபெடை' ஆகிறது. மேற்கோள் செய்யுளின் அடிகள் எங்கெங்கோ முறிகின்றன. ஒற்று மிகும் இடமும் மிகா இடமும் எழுதுபவரின் மனப்போக்குப்படி அமைகின்றன. திருத்துபவர் சிவப்பு மையால் சுழித்துக்கொண்டே போகிறார். அவர் சுழிப்பது யாருடைய தமிழை?

எழுதித் தருபவரைக் குறை சொல்வதற்கில்லை. தம் வேலையை விட்டுவிட்டு உதவ வந்தவர் அவர். சொல்வதை எழுதுபவர் தேர்வரைவிடக் குறைந்த படிப்புடையவராக இருக்கவேண்டும் என்பது விதி. 2018இல் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறை, தேர்வர் தாமே ஒருவரை அழைத்துவந்தால் அவர் ஒரு படி கீழான தகுதியுடையவராக இருக்கவேண்டும் என்றது. முறைகேட்டைத் தடுப்பது அதன் நோக்கம். அதில் நியாயமும் உண்டு. பொருளியலிலோ வரலாற்றிலோ இதனால் பெரிய நட்டமில்லை. 'பணவீக்கம்' என்பதை எழுதுபவர் பிழையாக எழுதினாலும் கருத்துக்குரிய மதிப்பெண் கிடைத்துவிடும். எழுத்தே பாடமாக இருக்கும் தமிழ்த் தாளில் அதே விதி வேறு முகம் காட்டுகிறது. லகர ளகர ழகர வேறுபாட்டைச் செவியால் துல்லியமாக அறிந்து, வாயால் திருத்தமாக ஒலிக்கும் ஒருவர், அதைக் கையால் வேறுபடுத்தத் தெரியாத இன்னொருவரின் பிழைக்குத் தண்டம் கட்டுகிறார்.

இதற்கு மாற்றுவழி அந்த நெறிமுறையிலேயே சொல்லப்பட்டிருந்தது. பிரெய்ல், கணினி, பெரிய எழுத்து, விடையை ஒலிப்பதிவு செய்தல் ஆகியவற்றில் தேர்வர் தமக்கு ஏற்றதைத் தெரிவு செய்துகொள்ளலாம் என்றது அது. நம் கலைக்கல்லூரிகளில் ஒலிப்பதிவாக விடை தந்த தமிழ் மாணவர் எவரையும் நாம் கேள்விப்பட்டதில்லை. மாணவருக்கு இந்த வழி தெரிந்திருப்பதில்லை, ஆசிரியருக்கும் தெரிந்திருப்பதில்லை, தெரிந்தவருக்கோ கேட்கும் வழக்கமில்லை. பருவத்தேர்வு பல்கலைக்கழகத்தின் பிடியில் உள்ளது, உண்மைதான். ஆனால் பெரும்பாலான கல்லூரிகளில் 25 மதிப்பெண் வகுப்பாசிரியரின் அகமதிப்பீட்டில் இருக்கிறதே? அதில் வினா அவருடையது, திருத்துவதும் அவர். மாணவரைத் திரைவாசிப்பானோடு கணினியில் தட்டெழுதச் சொல்வதற்கோ, இலக்கணப் பகுதியை வாய்மொழித் தேர்வாக வைப்பதற்கோ அவரைத் தடுப்பது யார்? தட்டெழுதினால் மாணவரும் பிழை செய்வார். செய்யட்டும், அது அவருடைய பிழையாக இருக்கும், ஆசிரியர் திருத்திக் கற்பிக்கக்கூடிய பிழையாக இருக்கும். எழுதித் தருபவரின் பிழையைத் திருத்தி யாருக்குக் கற்பிப்பது?

இத்தகைய ஏற்பாடுகளைக் குறிக்க நாம் வழங்கும் சொல்லே கோணலானது. 'சலுகை' என்கிறோம். சலுகை என்பது கொடுப்பவர் மனமிரங்கிக் கொடுப்பது. மனம் மாறினால் நிறுத்திக்கொள்ளலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், நியாயமான வசதியேற்பாட்டை மறுப்பதைப் பாகுபாடு என்றே வரையறுக்கிறது. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறைபாடுடைய தேர்வர் அவர். 40 விழுக்காட்டு ஊனம் என்ற வரம்புக்குள் வராதவருக்கும் எழுதித் தருபவரைப் பெறும் உரிமை உண்டு என்றது தீர்ப்பு. சான்றிதழைக் காட்டினால்தான் பேசுவேன் என்னும் ஆசிரியர்கள் இதை ஒருமுறை வாசிக்கலாம்.

சலுகை மனப்பான்மையின் இன்னொரு வடிவம் கருணை மதிப்பெண். 'பாவம், பார்வையில்லாத பையன், போட்டுவிடுவோம்' என்று தேர்ச்சி தந்து அனுப்புவதை நல்லெண்ணமாகவே பலர் கருதுகின்றனர். நமக்கு அது கொடுமையாகவே படுகிறது. அந்த மாணவருக்குத் தொல்காப்பியத்தின் வாசிக்கத்தக்க கோப்பு ஒன்றை ஓராண்டு முழுதும் தராமல் இருந்துவிட்டு, இறுதியில் தரப்படும் ஈட்டுத்தொகை அது.

வாசிக்கத்தக்க கோப்பு என்றோம். இங்கேதான் தமிழ்த்துறைகள் கூடுதலாகத் தடுமாறுகின்றன. பாடக்குறிப்புகள் இன்றும் பாமினியிலோ வானவில்லிலோ தட்டெழுதப்படுகின்றன. கண்ணுக்கு அது தமிழ். கோப்பின் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். பாமினியில் அமைந்த 'தமிழ்' என்ற சொல் திரைவாசிப்பானுக்கு ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. தமிழ் என்ற சொல்லே தமிழாக ஒலிக்காத குறிப்பை வைத்துக்கொண்டு அந்த மாணவர் என்ன செய்வார்? 2010லேயே தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றுக்கொண்டுவிட்டது. 2006இல் உருவாகத் தொடங்கிய என்விடிஏ என்னும் திரைவாசிப்பான் இலவசமாகக் கிடைக்கிறது. ஒருங்குறித் தமிழை வாசிக்கிறது. குரலில் இனிமை எதிர்பார்க்க முடியாது, பொருள் புரியும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க நூல்கள் பலவும் ஒருங்குறியில் கிடைக்கின்றன. மூலநூல் ஆயத்தமாக இருக்கிறது. கிடைக்காதவை உரையும் ஆசிரியரின் குறிப்பும்தான். பக்கங்களைப் படமெடுத்து வாட்சப்பில் அனுப்பிவிட்டு 'அனுப்பிவிட்டேனே' என்பவர்களைப் பற்றி இங்கு விரிப்பதற்கில்லை.

தற்கால இலக்கியத் தாளில் சிக்கல் வேறு. நாவலை மின்வடிவாக்கினால் பதிப்பாளர் வழக்குத் தொடுப்பார் என்று அஞ்சுகிறார்கள். 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகளின் கல்விக்காக ஒரு நூலை அவர்கள் அணுகத்தக்க வடிவத்துக்கு மாற்றுவதை அனுமதிக்கிறது. இதே நோக்கத்துடன் 2013இல் உருவான மராகேஷ் உடன்படிக்கையை முதலில் ஏற்றுறுதி செய்த நாடும் இந்தியாதான். நம் வாசகர்களிடையே சிற்றிதழ் நடத்துவோரும் பதிப்பாளரும் இருக்கின்றனர். உங்கள் நூல் பாடமாக வைக்கப்படும்போது அதன் ஒருங்குறிக் கோப்பை அந்தத் துறைக்கு நீங்களே அனுப்பிவைத்தால் என்ன?

அந்தகக்கவி வீரராகவ முதலியாரைப் பற்றி ஒரு செய்தி வழங்கிவருகிறது. பிறவியிலேயே பார்வையற்ற அவர், தம் முதுகில் பிறரை எழுதச் செய்து எழுத்தறிந்தாராம். நடந்ததோ கதையோ, அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கேள்வியறிவு போதும், எழுத்து எதற்கு என்று அவரை விட்டுவிடவில்லை. நாமோ பார்வையற்றோரின் நினைவாற்றலைப் புகழ்ந்துவிட்டு எழுத்தை அவர்களிடமிருந்து விலக்கிவைக்கிறோம்.

பார்வையற்றோரைப் பற்றியே பேசிவிட்டோம். சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சுட்டுகிறது. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசும் ஆசிரியரின் உதடசைவு தெரியாமல் பாடத்தை இழக்கும் மாணவர், வாசிப்பதில் இடர்ப்படும் டிஸ்லெக்சியா உள்ளவர் என ஒவ்வொருவருக்கும் தேவை வேறு. பருவத்தின் முதல் வாரத்தில், வகுப்பு கேட்க அன்றித் தனியே அழைத்து, 'உங்களுக்கு எப்படிப் படிப்பது வசதி?' என்று கேட்டால் பாதி தெரிந்துவிடும். மற்ற பாதிக்கு எழுத்துரு மாற்றி ஒன்றும், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குத் துறைத்தலைவர் கையெழுத்திட்ட ஒரு கடிதமும் வேண்டும். மாணவர் எழுதும் கடிதம் அந்த அலுவலகத்தில் என்ன ஆகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.