கப்பலேறியவருக்குக் கிடைத்த ஒரு வரி



தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர் பக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கிற குடும்பங்களில்கூட, தாத்தாவின் தாத்தா யார் என்று கேட்டால் பலருக்குப் பெயர் தெரிவதில்லை. பீரோவில் கிடக்கும் பழைய கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். ‘செங்கல்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுகா’ என்று இருக்கும். தாம்பரம் அன்று அந்தத் தாலுகாவில்தான் இருந்தது. எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், இருவரின் தகப்பனார் பெயர் எல்லாம் வந்த பிறகு, நிலத்தின் எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தி வரும். அதைப் பொறுமையாகப் படியுங்கள். ஏரிக் கால்வாய்க்கு மேற்கு, இன்னார் நஞ்சைக்கு வடக்கு என்று போகும். அந்த ‘இன்னார்’ பல நேரம் பாகம் பிரிந்துபோன பங்காளியாக இருப்பார். அவரைப் பிடித்தால் குடும்பத்தின் இன்னொரு கிளை கிடைத்துவிடும். பத்திரம் தொலைந்த வீட்டாருக்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் செட்டில்மென்ட் பதிவேடுகள் கைகொடுக்கும்.

இதெல்லாம் நிலம் இருந்த வீட்டுக்கு. அந்த நிலத்தில் ஏர் ஓட்டிய படியாளுக்குப் பட்டா ஏது, பத்திரம் ஏது? குடியிருந்த மனைகூட மிராசுதாரர் தயவில்தான் இருந்தது. செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891-ல் இந்த நிலைமையை விரிவாக எழுதி அரசுக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டே ஒடுக்கப்பட்டவர்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. இன்று பஞ்சமி நிலம் என்கிறோமே, அதுதான். அப்படி நிலம் பெற்றவர்களின் பெயர் அதன் பிறகே வருவாய்க் கணக்கில் ஏறியது. அதற்கு முன் வாழ்ந்து மறைந்தவர்களைத் தேடினால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கிறது.

ஆனால் அந்தப் படியாள்கள் வாழ்ந்த சேரியிலிருந்து கிளம்பிச் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவரின் பெயர் இருக்கிறது! கரும்புத் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிச் சென்ற ட்ரூரோ கப்பல் 342 பேரோடு 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் உள்ள டர்பன் போய்ச் சேர்ந்தது. 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். கப்பல் பட்டியலில் ஆளுக்கொரு எண், ஒரு வரி: பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு. மொரிஷியஸ் போனவர்களில் பலருக்குப் புகைப்படமே இருக்கிறது. மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் அவற்றைக் காத்துவருகிறது. பிறந்த மண் பெயர் எழுதி வைக்காத ஒரு மனிதரை, கரும்புத் தோட்டத்துக்கு ஆள் கணக்குப் பார்த்தவர்கள் தழும்பு வரை எழுதி வைத்திருக்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

அந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு இன்று பேரன் பேத்திகள் ஊர் தேடி வருகிறார்கள். தாலுகா இடத்தில் சைதாப்பேட்டை என்று இருந்தால் நகரத்துச் சைதாப்பேட்டையில் மட்டும் அலையாமல் நம் பக்கமும் விசாரிக்கச் சொல்லுங்கள். தெரிந்த பெரியவர்களிடம் கூட்டிப் போங்கள்.

நம் வீட்டிலேயே ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பழைய பட்டாக்களில் பெண்கள் பெயர் அபூர்வம். கப்பல் பட்டியலில் பெண்ணுக்கும் தனி எண், தனி வரி உண்டு. பாட்டி இருக்கும்போதே அவருடைய அம்மா பெயர், பாட்டி பெயர், எந்த ஊரில் பிறந்து எந்த ஊரில் வாக்கப்பட்டார்கள் என்று கேட்டு எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். வரும் இதழ்களில் அந்தப் பெயர்களை ஊர்வாரியாக வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்