குழந்தைக்கு வயிற்றுப்போக்கு: உடம்பில் நீர் வற்றியதை ஸ்கேன் கருவி சொல்லிவிடுமா?

"நேத்து ராத்திரியில இருந்து பத்து தடவைக்கு மேல போயிட்டான் டாக்டர். எதைக் குடுத்தாலும் வாந்தி. ஒரு டிரிப்ஸ் போட்டுடுங்க."

மழைக்காலம் வந்துவிட்டால் நாட்டின் எந்த மூலையிலும் குழந்தைகள் வார்டில் இந்தப் பேச்சைக் கேட்கலாம். டிரிப்ஸ் போடுவதா, ஓஆர்எஸ் கரைசல் கொடுத்தால் போதுமா என்பதை டாக்டர் சில நிமிடங்களில் முடிவு செய்தாக வேண்டும். அதற்கு ஒரே கேள்விக்குப் பதில் தெரிந்தால் போதும்: குழந்தையின் உடம்பிலிருந்து எவ்வளவு நீர் போயிருக்கிறது?

செல்போனோடு இணைக்கக்கூடிய கையடக்க அல்ட்ராசவுண்ட் கருவிகள் வந்துவிட்டன. படுக்கை அருகிலேயே வயிற்றில் வைத்துப் பார்த்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட முடியுமா? ஆய்வுகள் என்ன சொல்கின்றன, இந்தியாவுக்கு அது எவ்வளவு தேவை என்று பார்ப்போம்.

நீர் இழப்பைக் கணக்கிடுவது ஏன் கஷ்டம்?

10 கிலோ எடையுள்ள குழந்தை அரை லிட்டர் நீரை இழந்தால் அது உடல் எடையில் 5 சதவீதம். ஒரு லிட்டர் என்றால் 10 சதவீதம். முதலாவது கவனிக்க வேண்டிய நிலை, இரண்டாவது உயிருக்கே ஆபத்தான நிலை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது அரை லிட்டர்தான்.

நோய் வருவதற்கு முந்தைய நாள் குழந்தையின் எடை என்ன என்று தெரிந்தால் கணக்கு சுலபம். ஆனால் எந்த வீட்டில் தினமும் எடை பார்க்கிறார்கள்? அதனால்தான் டாக்டர்கள் அறிகுறிகளைப் பார்க்கிறார்கள். கண் குழி விழுந்திருக்கிறதா, தண்ணீரைத் தவித்துக் குடிக்கிறதா, சோர்ந்து கிடக்கிறதா, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்புகிறதா என்று பார்ப்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் முறை. நல்ல முறைதான். ஆனால் ஒரே குழந்தையை இரண்டு பேர் பார்த்தால் இரண்டு விதமாகச் சொல்லவும் வாய்ப்பு உண்டு.

தவறினால் இரண்டு பக்கமும் நஷ்டம். குறைவாக மதிப்பிட்டால் குழந்தை அதிர்ச்சி நிலைக்குப் போய்விடும். அதிகமாக மதிப்பிட்டால் தேவையில்லாத ஊசி, தேவையில்லாத படுக்கை.

ஸ்கேன் எதைப் பார்க்கிறது?

நெஞ்சுக்குழிக்குக் கீழே கருவியை வைத்தால் இரண்டு பெரிய ரத்தக் குழாய்கள் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். ஒன்று, இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டு போகும் பெருந்தமனி. இன்னொன்று, கீழ் உடம்பிலிருந்து ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் பெருஞ்சிரை.

தமனியின் சுவர் தடிமனானது. உடம்பில் நீர் குறைந்தாலும் அதன் அளவு பெரிதாக மாறாது. சிரையின் சுவர் மெல்லியது. உள்ளே ரத்தம் குறைந்தால் காற்று போன டியூப் போலச் சப்பிவிடும், மூச்சை இழுக்கும்போது இன்னும் சுருங்கும். ஆகவே தமனியின் அகலத்தையும் சிரையின் அகலத்தையும் ஒப்பிட்டால் நீர் இழப்பை ஊகிக்கலாம் என்பதுதான் யோசனை. கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

ருவாண்டாவில் ஒன்று, டாக்காவில் வேறொன்று

ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் 52 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. கடுமையான நீரிழப்பைக் கண்டுபிடிப்பதில் இந்த ஒப்பீடு நன்றாக வேலை செய்வதாக அதில் தெரிந்தது. நம்பிக்கை பிறந்தது.

அடுத்து, வங்கதேசத் தலைநகர் டாக்காவில் இதைவிடப் பெரிய ஆய்வு நடந்தது. வயிற்றுப்போக்கு சிகிச்சைக்கு உலகப் புகழ் பெற்ற ஐசிடிடிஆர்,பி மருத்துவமனையில் 5 வயதுக்குட்பட்ட 850 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். சிகிச்சைக்குப் பிறகு எடை எவ்வளவு கூடியது என்பதை வைத்து, உண்மையில் எவ்வளவு நீர் போயிருந்தது என்று கணக்கிட்டார்கள்.

2016-ல் வெளியான முடிவு வேறு மாதிரி இருந்தது. ஸ்கேன் அளவுக்கும் நீரிழப்புக்கும் தொடர்பு இருக்கிறது, ஆனால் அதை மட்டும் நம்பி முடிவெடுக்கும் அளவுக்குத் துல்லியம் இல்லை. அழுகிற குழந்தையின் நெஞ்சழுத்தம் மாறும்போது சிரையின் அளவும் மாறும். கருவியைப் பிடிக்கும் கையைப் பொறுத்தும் அளவு மாறும்.

அதே டாக்கா ஆய்வுத் திட்டத்தில் இன்னொன்றும் கிடைத்தது. குழந்தையின் பொதுத் தோற்றம், அழும்போது கண்ணீர் வருகிறதா, தோல் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது, மூச்சு எவ்வளவு ஆழமாக இருக்கிறது என நான்கே அறிகுறிகளுக்கு மதிப்பெண் போடும் முறை அது. அங்குள்ள நர்ஸுகள் அதைப் பயன்படுத்திப் பார்த்தபோது, வழக்கமான முறையைவிடத் துல்லியமாக இருந்தது. கருவிக்குப் பைசா செலவில்லை.

அப்படியானால் ஸ்கேன் வீணா?

இல்லை. எடை மிகவும் குறைந்த, மெலிந்த குழந்தைகளிடம் தோலைக் கிள்ளிப் பார்க்கும் சோதனை ஏமாற்றிவிடும். தோலடிக் கொழுப்பே இல்லாததால், நீர் குறையாவிட்டாலும் தோல் மெதுவாகத்தான் திரும்பும். அதை நம்பி வேகமாக டிரிப்ஸ் ஏற்றினால் பலவீனமான இதயம் தாங்காது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 19.3 சதவீதம் பேர் உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள். இவர்களில் கடுமையாக மெலிந்த குழந்தைகளிடமும், அதிர்ச்சி நிலையில் ஐசியூவுக்கு வருபவர்களிடமும், பயிற்சி பெற்றவர் கையில் இருக்கும் ஸ்கேன் கூடுதல் தகவல் தரும். கூடுதல் தகவல்தான், தீர்ப்பு அல்ல.

இந்தியாவில் ஒரு சட்டச் சிக்கல்

கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994-ம் ஆண்டுச் சட்டம், பாலினம் கண்டறியக்கூடிய எந்த ஸ்கேன் கருவியையும் பதிவு செய்யச் சொல்கிறது. நீங்கள் குழந்தையின் வயிற்றை மட்டும்தான் பார்ப்பேன் என்றாலும் விதி அதுதான். கையடக்கக் கருவிகளுக்குக் கட்டுப்பாடு இன்னும் அதிகம். பதிவு பெற்ற மருத்துவமனை வளாகத்துக்குள்ளோ நடமாடும் மருத்துவப் பிரிவிலோதான் பயன்படுத்தலாம். குழந்தைகள் டாக்டர் அதைப் பையில் போட்டுக்கொண்டு கிளினிக் கிளினிக்காகப் போக முடியாது.

பெண் சிசுக்களைக் காக்க வந்த கட்டுப்பாடு இது. தளர்த்த வேண்டும் என்று கேட்பவர்கள், அதற்கு ஈடாகக் கிடைக்கும் பலன் எவ்வளவு என்று காட்ட வேண்டும். வயிற்றுப்போக்கு விஷயத்தில், டாக்கா முடிவுகளைப் பார்த்தால் அந்த வாதம் வலுவாக இல்லை.

உண்மையான ஓட்டை எங்கே?

1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியது. மேற்கு வங்கத்தின் பன்காவ்னில் டிரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலைக் குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு விகிதம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இன்று உலகம் முழுக்கக் கொடுக்கப்படும் ஓஆர்எஸ் மீதான நம்பிக்கைக்கு அந்த முகாமும் ஒரு முக்கியக் காரணம்.

ஐம்பது ஆண்டுகள் கழித்து நிலைமை என்ன? அதே தேசிய ஆய்வின்படி, வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளில் ஓஆர்எஸ் கிடைத்தது 60.6 சதவீதம் பேருக்கு. துத்தநாக மருந்து, அதாவது ஜிங்க், கிடைத்தது 30.5 சதவீதம் பேருக்கு மட்டும். பத்தில் நான்கு குழந்தைகளுக்கு சில ரூபாய் பாக்கெட்டே போய்ச் சேரவில்லை. ஸ்கேன் கருவியால் அடைக்க முடியாத ஓட்டை இது.

பெற்றோர் என்ன செய்யலாம்?

• பேதி ஆரம்பித்ததுமே ஓஆர்எஸ் கொடுங்கள். பாக்கெட்டில் சொல்லியிருக்கும் அளவு தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

• ஒவ்வொரு முறை போன பிறகும், 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, பெரிய குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள்.

• தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். ஜிங்க் மாத்திரையை டாக்டர் சொன்ன நாட்கள் முழுக்கக் கொடுங்கள், பேதி நின்றாலும் சரி.

• கடைகளில் விற்கும் இனிப்புப் பானங்கள் ஓஆர்எஸ் ஆகாது. அவற்றின் மீது 'ஓஆர்எஸ்' என்று அச்சிடக் கூடாது என 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது.

• குழந்தை மயங்கிக் கிடந்தால், குடிக்கவே முடியாவிட்டால், குடித்ததெல்லாம் வாந்தியாகப் போனால், மலத்தில் ரத்தம் வந்தால், பல மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால் காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகிற வழியிலும், குழந்தை விழிப்பாக இருந்து விழுங்க முடிந்தால், கரைசலைக் கொடுத்துக்கொண்டே போங்கள்.